கொம்பும் காலும்

குருந்துமலைத் தோட்டத்தின் மேல்கணக்கு என்ற பிரிவில் இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஐப்பசி மாதம் ஒரே நாளில் இருபத்துமூன்று பிள்ளைகள் மக்குகளாகிப் போனார்கள். அந்த வெள்ளிக்கிழமைவரை அவர்கள் அப்படி இருக்கவில்லை. சனிக்கிழமை லுணுகலைக்கு நடந்துபோய்க் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தபோது அப்படி ஆகியிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் பதினோராம் ஆண்டு மொத்தமும் ஒரே பிற்பகலில் அறிவிழந்துபோவது நடக்கக்கூடிய காரியந்தானா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள்தானே, நடக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் இருந்தவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் இன்றைக்கும் சகிக்க முடியவில்லை.

பதுளையில் அலுவலகம் வைத்திருந்த ‘ஊவா வெளிச்சம்’ என்ற அறக்கட்டளை நடத்திய பரீட்சை அது. தோட்டப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை. குருந்துமலையில் ஒன்றரை வருடமாக இல்லை. ஆகவே சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் இணையத்தில் பாடத்தை மீட்டிப் பார்த்து, தரப்பட்ட விடைகளில் சரியானதைத் தெரிவுசெய்வார்கள்; கடைசிப் பரீட்சையில் மட்டும் விடையைத் தாங்களே தட்டச்சுச் செய்ய வேண்டும். கணினியே திருத்தி அந்த இடத்திலேயே புள்ளி போடும். கடைசிப் பரீட்சையில் முன்னுக்கு வரும் பத்துப் பெண்பிள்ளைகளைப் பதுளை விடுதியில் ஆறு வாரம் தங்கவைத்து, திசம்பரில் வரும் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிப்பிப்பதாக ஏற்பாடு. அந்தப் பத்துக் கட்டில்களில் ஒன்று தன் மகள் தனுஜாவுக்கு என்று தனலெட்சுமி ஆடி மாதத்திலிருந்தே நம்பியிருந்தாள்.

பரீட்சை முடிந்து ஆறாம் நாள் பள்ளிக்கூடச் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். ஐம்பது கேள்வி, நூறு புள்ளி. தனுஜாவுக்கு முப்பத்திரண்டு. இருபத்துமூன்று பேரில் நாற்பதைத் தொட்டவர் யாருமில்லை.

மறுநாள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கையில் அடுத்த நிரையிலிருந்து பேச்சியம்மா தொடங்கினாள். பேச்சியம்மாவும் அதே லயத்து வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருப்பவள். அவளுடைய மகள் புஸ்பலதாவும் தனுஜாவின் வகுப்புத்தான். காலையிலிருந்து விடாத தூறல். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு நனைந்து கனத்து, ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் அறைந்துகொண்டிருந்தது.

“அடியே தனம், ஒம்மக எத்தனடி?”

“சொவத்துலதான் ஒட்டியிருக்குல்ல. கண்ணு தெரியாதா?”

“எங்க வீட்டு மகாராணி முப்பது. ஒம்மக ரெண்டு கூட. அந்த ரெண்டுக்கு டாக்டர் வேல குடுப்பாங்களான்னு கேட்டுப் பாரு.”

நிரையே சிரித்தது. தனலெட்சுமிக்குக் கோபம் வந்தது, பேச்சியம்மாமேல் அல்ல. தன் மகளையும் சேர்த்தே கேலி செய்துகொள்ளும் ஒருத்தியிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

“நாலு மைலு நடந்து போயி கம்ப்யூட்டரத் தடவிப்புட்டு வந்தா படிப்பு வந்துருமா?” என்றாள் பேச்சியம்மா. “நம்ம புள்ளைகளுக்கு அதெல்லாம் ஏறாதுடி. ஏறுற மண்டன்னா நம்ம ஏன் இந்த மலையில ஏறிக்கிட்டுக் கெடக்கோம்?”

கீழிருந்து கங்காணி சத்தம் போட்டார். “வாயால எடுத்தது போதும், கையால எடுங்க!”

அன்று அந்தியில் லயத்துக்குத் திரும்பியபோது கணவன் இராமையா முன்பே வந்து அடுப்படியில் பால் கலக்காத சாயத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய கத்தி சுவரோரம் சார்த்திக் கிடந்தது. தனுஜா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள்.

“செவ்வாக்கெழம பண்டாரவளையிலருந்து அந்தாளு வர்றாரு,” என்றான் இராமையா. “கார்மெண்டுக்கு நாலு புள்ள கேட்டாராம். நான் சரின்னுட்டேன்.”

“யாரக் கேட்டு?”

“யாரக் கேக்கணும்? முப்பத்திரெண்டுன்னு செவுரே சொல்லுது. எடம் கெடைச்சிருந்தா நான் ஏன் அனுப்பப் போறேன்? எடம் வந்தா படி, வராட்டி வேலைக்குப் போன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா? தைக்கத் தெரியாட்டியும் அங்கேயே பழக்கிக் குடுப்பாங்களாம்.”

தனுஜா மாவிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னாள்: “நான் சரியாத்தான் எழுதுனேன்.”

“கேட்டியா? கம்ப்யூட்டரு பொய் சொல்லுது, இவ உண்ம சொல்லுறா!”

“பக்கத்துல பக்கத்துல காட்டிச்சுப்பா. இந்தப் பக்கம் நான் எழுதுனது, அந்தப் பக்கம் சரியான வெட. ரெண்டும் ஒன்னுதான். ஒரு எழுத்துக்கூட மாறல. ஆனா செவப்புப் போட்டிருந்துச்சு.”

“ஒன்னா இருந்தா எதுக்குடி செவப்புப் போடுது?”

“தெரியல. ஆனா ஒன்னுதான்.”

“இன்னொருக்கா சொல்லு பாப்போம்!”

“ஒன்னுதான்.”

இராமையா போட்ட சத்தம் லயத்தின் கடைசி வீடுவரை கேட்டிருக்கும். அதை நிறுத்துவதற்காகவோ, நாள் முழுதும் மலையில் வாங்கிய சிரிப்பைத் தீர்ப்பதற்காகவோ, தனலெட்சுமியின் கை எழுந்து மகளின் கன்னத்தில் இறங்கியது. தனுஜா அழவில்லை. மா அப்பியிருந்த கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அடிச்சாலும் ஒன்னுதான்மா” என்றாள்.

பொய் சொல்லும் பிள்ளை அடி வாங்கியதும் கதையை மாற்றும். தனலெட்சுமி மூன்று பிள்ளை வளர்த்தவள், அது தெரியும். அன்று அவள் ரொட்டியைச் சம்பலில் தொட்டுவிட்டு வாயில் வைக்காமல் எழுந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளைக் கூட்டிக்கொண்டு லுணுகலைக்கு இறங்கினாள். கடைவீதியின் முடிவில் முஹ்ஸினாவின் கணினிக்கூடம். ஐந்து கணினி, ஒரு போட்டோகொப்பி இயந்திரம், ஈரக் குடைகள் வைக்க ஒரு வாளி. இருபத்தைந்து வயதுக்காரியான முஹ்ஸினாதான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் தட்டச்சுச் செய்யப் பழக்கினவள்.

“வாங்க அக்கா, இரிங்க. பட்டியல் பாத்தன். எனக்கே ஒரு மாதிரி ஈந்திச்சி. இவ நல்லாச் செய்ற புள்ளேதானே.”

“அதத்தான் பாக்க வந்தேன். இவ எழுதுனதக் காட்ட முடியுமா?”

தனுஜா தன் பெயரையும் இரகசிய எண்ணையும் கொடுத்ததும் திரையில் இரண்டு பத்தியாக விடைகள் விரிந்தன. இடப்புறம் பிள்ளை எழுதியது, வலப்புறம் சரியான விடை. ஓரத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு புள்ளி.

தனலெட்சுமி மூன்றாம் வகுப்போடு நின்றவள். சரளமாக வாசிக்க வராது. ஒவ்வொரு எழுத்தையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்துச் சொல்லி, பிறகு கூட்டித்தான் அவளால் ஒரு சொல்லைப் பிடிக்க முடியும். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த ஆட்காட்டி விரலைத் திரையில் வைத்தாள்.

“கொம்பு, தானா, காலு. கானாவுக்குச் சுழி... தொகு. ஒளித்தொகுப்பு.” விரல் வலப்பக்கம் தாண்டியது. “கொம்பு, தானா, காலு...” முடிவுவரை போய் நிமிர்ந்தாள். “ஒன்னுதான்.”

நேற்று அடித்த கன்னத்தை அம்மா பார்க்கிறாள் என்று தெரிந்து தனுஜா முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்தது கொழுப்பு. அதற்கடுத்து போசணை. நொதியம். மின்னோட்டம். எல்லாம் ஒன்றுதான், எல்லாம் சிவப்பு. இடையில் அமிலம், இழையம், காற்று, வெப்பம். அவையும் ஒன்றுதான், ஆனால் பச்சை. முஹ்ஸினா சொற்களாக வாசித்துக்கொண்டு போனாள். சொற்களாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் காண எதுவும் இல்லை. எழுத்தின் கையையும் காலையும் எண்ணி வாசித்த தனலெட்சுமிதான் இரண்டாவது பக்கத்தின் நடுவில் நின்றாள்.

“இங்க பாரு புள்ள. காலு மட்டும் வந்தா ஒன்னுஞ் செய்யல. கொம்பு மட்டும் வந்தாலும் ஒன்னுஞ் செய்யல. ரெண்டும் சேந்து வந்தாத்தான் குத்துது.”

“என்னம்மா?”

“கொம்பும் காலும் சேந்து வந்தது ஒன்னாச்சும் பச்சையில இருக்கா பாரு.”

தனுஜா பார்த்தாள். முதலிலிருந்து முடிவுவரை, பிறகு முடிவிலிருந்து முதல்வரை. ஒன்றும் இல்லை. நீண்ட விடைகளிலும் அப்படியே: வரியில் எங்கோ ஒரு ‘போது’ வந்திருந்தால் வரி முழுவதற்கும் சிவப்பு.

“முப்பத்திநாலு செவப்பும்மா. அதுல ஒம்பது நெசமாவே நான் பெழையா எழுதுனது. மத்த இருவத்தஞ்சும் இதுதான்.”

முஹ்ஸினாவின் முகம் மாறியது. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சரியான விடையிலிருந்து ‘கொ’ என்ற எழுத்தைப் பிரதியெடுத்து ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டினாள். தனுஜாவின் விடையிலிருந்து இன்னொரு ‘கொ’வை எடுத்து அதன் கீழே ஒட்டினாள். திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் நின்றன. மேலே இருந்ததன் முடிவில் சுட்டியை வைத்து அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினாள். கொம்பும் காலும் ஒன்றாகக் கழன்று வெறும் ‘க’ நின்றது. கீழே இருந்ததிலும் ஒருமுறை தட்டினாள். கால் மட்டும் போய் ‘கெ’ நின்றது.

“யா அல்லாஹ்!” என்றாள் முஹ்ஸினா. “கண்ணுக்குத்தான் அக்கா ஒன்னு. உள்ளுக்கு வேற. பதுளையில அடிச்சவங்கட கீபோட்ல கொம்பும் காலும் ஒரே கட்டையில வருது. நம்ம புள்ளைகள் கொம்பத் தனியா, காலத் தனியா அடிச்சீக்குதுகள். மெசினுக்கு ரெண்டும் வேற வேற எழுத்து.”

“ஏன் இவுங்க தனியா அடிச்சாங்க?”

முஹ்ஸினா விசையிலிருந்து கையை எடுத்தாள். “நான்தான் அக்கா படிச்சிக் குடுத்த. கையால எழுதுற மாதிரியே அடிங்க, கொம்பப் போடுங்க, எழுத்தப் போடுங்க, காலப் போடுங்கன்னு. எனக்கும் அப்பிடித்தான் படிச்சித் தந்தாங்க. புள்ளைகளுக்கு லேசா ஈக்கும்னு...” அவள் குரல் உடைந்தது. “என்ட கையால இருவத்திமூணு புள்ளைகள்.”

“நீ அழுவாத. நீ எழுத்த மாத்தியா சொல்லிக் குடுத்த? எழுத்து இதுதானே? கொம்பு, கானா, காலுன்னுதான் எனக்கும் வாத்தியாரு அடிச்சுச் சொல்லிக் குடுத்தாரு. இத வேறன்னு சொல்லுறவனத்தான் கேக்கணும்.”

முஹ்ஸினா விடைகளை அச்செடுத்துக் கொடுத்தாள். அழிக்கும் விசை எது என்று தனலெட்சுமி கேட்டு, அதன் இடத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடியபோது தனலெட்சுமி அங்கே இல்லை. அவளும் மகளும் லுணுகலைச் சந்தியில் முதல் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். பசறை தாண்டும்போது பனி விலகியது. பதுளையில் இறங்கி விசாரித்து நடந்துபோய், சந்தன நிறம் பூசிய ஒரு பழைய வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தார்கள். ‘ஊவா வெளிச்சம்’ அதுதான்.

திட்டத்துக்குப் பொறுப்பானவர் சரவணமுத்து. யாழ்ப்பாணத்துக்காரர், ஊவாவின் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கெட்ட மனிதர் அல்ல. தோட்டப் பிள்ளைகளுக்காகக் கொழும்புவரை போய்க் கதவு தட்டியவர். அதனால்தான் அவர் செய்த பிழை இன்னும் அதிகமாக உறுத்துகிறது.

“இருங்கோ அம்மா. எந்தத் தோட்டம்? குருந்துமலையோ? விளங்குது. கவலையான விசயந்தான். ஆனால் ஒண்டு சொல்லுறன், கோவிக்கக் கூடாது. கணினி ஆள் பாக்காது. மனிசர் திருத்தினால் வேண்டியவன், வேண்டாதவன் எண்டு வரும். உங்கட பிள்ளையளுக்கு அந்த அநியாயம் நடக்கக் கூடாதெண்டுதான் இதைக் கொண்டுவந்தனான்.”

“ஆளப் பாக்காதுங்கய்யா, சரி. எழுத்தயாச்சும் பாக்குமா?”

“என்ன?”

“அந்தக் கம்ப்யூட்டரக் கொஞ்சம் தொறங்க.”

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரைத் திறக்கவைத்தது. தனுஜா சொல்லச் சொல்ல அவரே இரண்டு ‘கொ’வையும் எடுத்து ஒட்டினார். தனலெட்சுமி எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தட்டச்சுப் பலகையில் விரலை வைத்து, ஒன்றில் ஒருமுறை, மற்றதில் ஒருமுறை, அழிக்கும் விசையை அழுத்தினாள். ‘க’ என்றது ஒன்று. ‘கெ’ என்றது மற்றது.

சரவணமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அதையே செய்து பார்த்தார்.

“அரவு மட்டும் போகுது,” என்று தனக்குள் சொன்னார்.

“அரவோ காலோ, எங்க புள்ளைக கால ஒடைச்சிருச்சுங்கய்யா.”

“மற்றப் பள்ளிக்கூடங்களுக்கு இப்பிடி வரேல்லையே...”

“மத்தவங்க வேற கடையில படிச்சவங்க சார்,” என்றாள் தனுஜா. “நாங்க மட்டுந்தான் முஹ்ஸினா அக்காகிட்ட.” அவள் பார்வை மேசையில் கிடந்த ஓர் அறிக்கையின்மேல் தங்கியிருந்தது. தலைகீழாகவே அதை வாசித்தாள். மெதுவாக, உரக்க. “குருந்துமலை மாணவர்களிடம் அடிப்படை மொழியறிவுக் குறைபாடு காணப்படுகின்றது.”

சரவணமுத்து அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்பிடின்னா என்னா?” என்று தனலெட்சுமி மகளைக் கேட்டாள்.

“எங்களுக்குத் தமிழ் தெரியாதாம்.”

தனலெட்சுமி அவரைப் பார்த்தாள். “இருவத்திமூணு புள்ளைகளும் மொத்தமாக் கவுந்துட்டாங்களேன்னு நீங்க யோசிக்கலையாங்கய்யா? ஒரு மலையில அத்தன செடியும் ஒரே நாள்ல கருகிக் கெடந்தா செடி மேலயா குத்தஞ் சொல்லுவீங்க? மருந்தடிச்சவன யாருன்னு தேட மாட்டீங்க?”

யோசித்திருக்க வேண்டும் என்பது ஒரு கணித ஆசிரியருக்குத் தெரியாதா? வேறு பள்ளிக்கூடமாக இருந்திருந்தால் அவர் யோசித்துத்தான் இருப்பார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அம்மா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. பிழை நடந்திட்டுது. பட்டியல் கொழும்புக்குப் போயிட்டுது, பிள்ளையள் விடுதிக்கு வந்திட்டினம். ஆனால் ஒரு கட்டில் கிடக்கு. எடுபட்ட ஒரு பிள்ளை வரேல்லை. உங்கட மகளை நாளைக்கே கொண்டுவந்து விடுங்கோ, நான் சேர்க்கிறன். மற்றதுகளைக் கிளற வேண்டாம். கிளறினால் அறிக்கை முழுக்கப் பிழையாப்போகும். காசு தாற ஆக்கள் திட்டத்தையே நிப்பாட்டிப் போடுவினம்.”

தனலெட்சுமியின் நெஞ்சு ஒருமுறை துள்ளியதை மறைத்துச் சொல்வதற்கில்லை. அவள் மனம் அந்தக் கணத்திலேயே லயத்துக்குப் போய், தலையணையையும் இரண்டு சட்டையையும் ஒரு பையில் அடுக்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை வருகிறவன் வந்த வழியே திரும்பிப்போவதையும் கண்டுவிட்டது. “சரிங்கய்யா” என்ற சொல் தொண்டைவரை வந்திருந்தது.

“அப்ப அது?” என்று அறிக்கையைக் காட்டினாள்.

“எது?”

“தமிழு தெரியாதுன்னு எழுதியிருக்கீங்களே. அது அப்பிடியேதான் இருக்குமா?”

“அது ஒரு வசனந்தானே அம்மா. ஆர் அதை வாசிக்கப் போகினம்?”

அந்தப் பதிலை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் தனலெட்சுமி மகளுக்கான கட்டிலை வாங்கிக்கொண்டு எழுந்திருப்பாள். தொண்டைவரை வந்த சொல் உள்ளே திரும்பிப் போயிற்று.

“ஒரு வசனமா? எம்மகளுக்கு மட்டும் தமிழு தெரியும், மிச்சம் இருவத்திரெண்டுக்கும் தெரியாது, அப்பிடித்தானே ஆவுது? நாளைக்கு இந்தத் தோட்டத்துலருந்து போற ஒவ்வொரு புள்ளைக்கும் முன்னால அந்த வசனம் போயி நிக்கும். நான் எம்மகளக் கன்னத்துல அடிச்சேன்யா, ஒங்க மெசின நம்பி! இன்னும் எத்தன வீட்டுல எத்தன அடி விழுந்திச்சோ. எல்லாத்தையும் எடுங்க. பேனாவால திருத்துங்க. ஒத்த வசனந்தானே, அதையும் வெட்டுங்க. அப்பறமாக் கட்டில் யாருக்குன்னு பாப்போம்.”

“அம்மா...” என்றாள் தனுஜா.

“நீ சும்மா இரு.”

“நான் இப்ப ஏலாதெண்டு சொன்னால்?”

“சொல்லுங்க. பெரட்ட விட்டுட்டு வந்தவ. எனக்கு வேற சோலி இல்ல.” மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து நுனியில் மட்டுமே உட்கார்ந்திருந்தவள்.

சரவணமுத்து சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். மழை பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு இருபத்துமூன்று பேரின் விடைகளையும் அச்செடுத்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்; ஓய்வுபெற்ற பிறகும் அதை அவர் விட்டிருக்கவில்லை.

இரண்டரை மணித்தியாலம். அவர் திருத்த, தனுஜா பெயர் வாசிக்க, தனலெட்சுமி பேனாவையே பார்த்திருந்தாள். முப்பத்தாறு எடுத்தவனுக்கு எழுபத்தொன்பதல்ல, எழுபத்தெட்டு என்று தனுஜா ஒருமுறை கூட்டலைத் திருத்தினாள். அவர் வெட்கப்படாமல் மாற்றி எழுதினார். இருபத்தெட்டு எடுத்தவள் அறுபத்துநான்கானாள். திருத்தத் திருத்த மனிதர் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. நடுவில் ஒருமுறை, “கெட்டிக்காரப் பிள்ளையள்” என்றார். தனுஜா அடுத்த பெயரை வாசித்தாள். தனுஜா எண்பத்திரண்டு. அதுவரை அதற்கு மேல் எவரும் இல்லை. கட்டுக் குறைந்துகொண்டே வந்து கடைசியாக ஒரு தாள் நின்றது.

“யாரு?” என்றாள் தனலெட்சுமி.

“புஸ்பலதா,” என்றாள் தனுஜா. “பேச்சியத்த மக.”

அவர் திருத்தினார். கூட்டினார். மீண்டும் கூட்டினார். பேனாவைத் தாளின்மேல் எழுதாமல் பிடித்துக்கொண்டு தனலெட்சுமியைப் பார்த்தார்.

“எண்பத்திநாலு.”

தனுஜா எட்டி அந்தத் தாளை ஒருமுறை பார்த்தாள்.

“யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா. இந்த அறையில மூண்டு பேர்தான் இருக்கிறம்.”

தனலெட்சுமி மகளைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தால் சொல்ல முடியாது.

“எழுதுங்க,” என்றாள். “அந்தப் புள்ள எடுத்தது அது. எழுதுங்க.” அவர் எழுதி முடித்ததும்தான் கேட்டாள்: “இன்னொரு கட்டில் போட முடியாதாங்கய்யா?”

“எனக்கு அந்த அதிகாரம் இல்லை.”

“தமிழு தெரியாதுன்னு எழுத மட்டும் அதிகாரம் இருந்துச்சு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு அறிக்கையை எடுத்து அந்த வசனத்தை வெட்டினார். பக்கத்தில் எழுதியதை வாசிக்கச் சொன்னாள். “மாணவரின் தட்டச்சுப் பிழை காரணமாக...” என்று அவர் தொடங்கியதும் கையை நீட்டித் தடுத்தாள்.

“யாரு பெழ?”

சரவணமுத்து ‘மாணவரின்’ என்பதை வெட்டி, ‘எமது’ என்று எழுதி, கையெழுத்திட்டார். புஸ்பலதாவை வரச்சொல்லும் கடிதத்தையும், இருபத்துமூன்று பேரின் புதிய புள்ளிப் பட்டியலையும் ஓர் உறையில் இட்டுத் தனலெட்சுமியின் கையில் கொடுத்தார். வாசல்வரை வந்து குடை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

மூன்று மணி பஸ்ஸில் பின் இருக்கைதான் கிடைத்தது. நகரத்தைத் தாண்டியதும் தனலெட்சுமி நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

“கையில வச்சுக் குடுத்தான்டி அந்த மனுசன். வாங்கிக்கிட்டு வந்திருக்கலாம். ஒங்கம்மா மாதிரி ஒரு பைத்தியக்காரிய எங்கயாச்சும் பாத்திருக்கியா?”

“ஒரு கேள்விதாம்மா.”

“எது?”

“ரெண்டு மார்க்கு. ஒரு கேள்வி. உராய்வுன்னு எழுத வேண்டிய எடத்துல வேகம்னு எழுதிட்டேன். அவ சரியா எழுதியிருக்கா.” தனுஜா சன்னல் கண்ணாடியிலிருந்த ஈரத்தைத் துடைத்தாள். “அந்த முப்பத்திரெண்டு என்னோடது இல்ல. இந்த எண்பத்திரெண்டு என்னோடது. விட்ட பதினெட்டும் என்னோடதுதான். அதுக்கு நான் யார் மேலயும் கோவிக்க மாட்டேன்.”

தனலெட்சுமி மகளின் கன்னத்தைத் தொட்டாள். கறுத்த விரல் அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

“அப்பாகிட்ட என்னம்மா சொல்லப் போற?”

“நாளைக்கு வர்ற ஆளுக்குக் கட்டாயம் ஒரு ஆளு வேணும்னா உங்கப்பனக் கூட்டிக்கிட்டுப் போகட்டும். தைக்கத் தெரியாட்டியும் பழக்கிக் குடுப்பாங்களாம்ல. நீ திசம்பருக்குப் பரீட்ச எழுதுற. கட்டில்ல படுத்துப் படிச்சாத்தான் ஏறுமா?”

தனுஜா சிரித்தாள். நான்கு நாளில் முதல் சிரிப்பு. ஆனால் தாய் சிரிக்கவில்லை. உறையைப் பிரித்துப் பட்டியலை மகளின் மடியில் விரித்தாள். அவளுக்கு வாசிக்க நேரமாகும். விடிந்தால் ஐந்தரைக்குப் பெரட்டு. அங்கே நூற்றைம்பது பேர் நிற்பார்கள். கங்காணி இருப்பார், கணக்கப்பிள்ளை இருப்பார், பேச்சியம்மா இருப்பாள். ‘ஏறாத மண்டை’ என்று பிள்ளைகளை அடித்த அத்தனை தாயும் தகப்பனும் இருப்பார்கள். பெயர் கூப்பிடத் தொடங்குவதற்கு முன்னால் தாளைப் பார்த்துத் தடுமாறிக்கொண்டிருக்க முடியாது.

“படி,” என்றாள். “பேரு, அந்தப் பொய் மார்க்கு, நெச மார்க்கு. மூணையும் படி.”

“எல்லாமேவா?”

“இருவத்திமூணும்.”

தனுஜா வாசித்தாள். பஸ் பசறை வளைவுகளில் முனகி ஏறியது. ஒவ்வொரு பெயருக்கும் தனலெட்சுமியின் உதடுகள் அசைந்தன. பட்டியல் முடிந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்பதாவது பெயரில் தடுக்கியது. கண்ணைத் திறந்தாள்.

“மொதல்லருந்து படி.”